ஆரியங்காவு நாதஸ்வர வீடியோவுக்கு காப்பிரைட் கிளெய்ம்: டிஸ்ப்யூட் போடலாமா?

செங்கோட்டை கேமரா
ஆரியங்காவு கோயில் திருக்கல்யாண வீடியோ, 42 நிமிஷம். யூடியூபில் ஏத்தினதும் 11:20 முதல் 14:05 வரைக்கும் ஒரு இசை நிறுவனம் கிளெய்ம் (இசை தங்களுடையதுன்னு உரிமை கோரல்) போட்டிருக்கு. அங்கே கேட்கிறது நேரில் வாசிச்ச தியாகராஜர் கீர்த்தனை. கடைசியில் குழாய் ஸ்பீக்கரில் ஒரு மலையாள சினிமாப் பாட்டும் ஓடுது, அதுக்குக் கிளெய்ம் இல்லை. டிஸ்ப்யூட் (அதுக்கு மறுப்பு) போட்டா சேனலுக்கு ஆபத்து உண்டா?

தென்காசி ஒலிப்பதிவு
தாராளமா போடுங்க. தியாகராஜர் மறைந்தது 1847. இந்தியக் காப்பிரைட் சட்டத்தில் உரிமை, இயற்றியவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷம்தான். நிறுவனத்துக்குச் சொந்தம் அவங்க ஒலிப்பதிவு மட்டுமே. ஒரே கீர்த்தனை, ஒரே சங்கதி (வரியை மாத்தி மாத்தி வாசிக்கிற விதம்), நெருங்கின சுருதின்னா, ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கிற யூடியூப் மெஷின் அந்தப் பதிவுன்னே நினைச்சுக் குழம்பிடும். (பாபநாசம் சிவன் பாட்டுன்னா யோசிக்கணும். அவர் மறைந்தது 1973, உரிமை 2033 முடிய இருக்கு.)

"நேரடி வாசிப்பு, பதிவு என்னுடையது, கீர்த்தனை இன்னது, இயற்றியவர் மறைந்தது 1847"ன்னு எழுதுங்க. கேமரா மெமரி கார்டில் உள்ள மூலக் கோப்பை அழிக்காதீங்க. வித்வான்கிட்ட சம்மதக் கடிதம் வாங்குங்க, பிரிவு 38படி வாசிச்சவருக்கும் உரிமை உண்டு. 5 நாளுக்குள் போட்டா, முதல் நாள் முதலே விளம்பரப் பணம் யாருக்கும் போகாம நிக்கும்.

கோட்டைவாசல்
கிளெய்முக்கு ஸ்ட்ரைக் (சேனல் மேல் விழற எச்சரிக்கைப் புள்ளி) கிடையாது. டிஸ்ப்யூட்டுக்கு அவங்க 30 நாளில் பதில் சொல்லணும். மறுத்தா நீங்க அப்பீல் போடலாம், அதுக்கு அவங்க 7 நாளில் பதில் சொல்லணும். அப்பவும் விடாம நீக்கச் சொன்னா ஸ்ட்ரைக் விழும், 90 நாள் நிக்கும். அதுக்குள்ள மூணு சேர்ந்தா சேனல் போயிடும்.

அடுத்தது எதிர் அறிவிப்பு, அதாவது நீக்கின வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லி யூடியூபுக்குக் கொடுக்கிறது. அநியாயம் இங்கேதான். அமெரிக்காவின் 1998 டிஜிட்டல் காப்பிரைட் சட்டப்படி (டிஎம்சிஏ), தவறா நீக்கிட்டாங்கன்னு நீங்க பொய்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதி சொல்லணும். பெயர், முகவரி கொடுத்து அமெரிக்கக் கோர்ட்டின் அதிகாரத்தையும் ஏத்துக்கணும். புகார் கொடுத்தவருக்கு அந்தத் தண்டனைப் பயம், தான் உரிமையாளரோட ஆள்னு சொல்றதுக்கு மட்டும்தான். வீடியோவில் கேட்கிறது அவங்க பதிவுதானான்னு சரிபார்க்காம அனுப்பினாலும் அதில் மாட்ட மாட்டாங்க. 10 வேலை நாளில் வழக்கு இல்லைன்னா வீடியோ திரும்பி வரும்.

தென்காசி ஒலிப்பதிவு
சினிமாப் பாட்டை விட்டுட்டோமே. இந்தியச் சட்டத்தின் பிரிவு 52(1)(இசட்ஏ) மதச் சடங்கு, விழாவில் பாட்டுப் போடறதுக்குத்தான் காவல், யூடியூபில் ஏத்தறதுக்கு இல்லை. பின்னணியில் தற்செயலா வந்ததுன்னும் வாதாட முடியாது. 52(1)(யு) அந்தச் சலுகையை ஓவியம், சிற்பம், போட்டோ மாதிரி கலைப்படைப்புக்கு மட்டும் கொடுக்குது. திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை யார் நிறுத்த முடியும்? சட்டம் இதை யோசிக்கவே இல்லை.

டிஸ்ப்யூட்டுக்கு முன்னாடியே யூடியூப் ஸ்டுடியோ எடிட்டரில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி சேவ் பண்ணுங்க. லிங்கும் வியூஸும் மாறாது.