கார்பன் ஃபோர்க் மாற்ற வேண்டும்: எந்த அளவுகளைப் பார்த்து வாங்குவது?

திருவான்மியூர் ரைடர்:
வணக்கம். என்னுடையது அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை), ரிம் பிரேக் உள்ள ரோடு பைக். ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் பலமாக இறங்கிவிட்டது. வீட்டில் துடைக்கும்போது பார்த்தால் ஃபோர்க்கின் இடது காலில், இரண்டு கால்களும் சேரும் கிரவுனுக்குச் சற்றுக் கீழே முடி அளவு கோடு. நகம் வைத்தால் தட்டுப்படுகிறது. புதிது வாங்கலாமென்றால் ஃபோர்க்கின் மேல் குழாயில் டேப்பர் (அடியில் அகலும் குழாய்), நேர் குழாய், அப்புறம் ரேக் (ஹேண்டில் திரும்பும் கோட்டிலிருந்து ஆக்சில் முன்தள்ளி இருக்கும் தூரம்) 43, 45, 50 மி.மீ. என்று ஏகப்பட்டது இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தன் பழைய ஃபோர்க்கைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? அதுவரை இதையே ஓட்டலாமா?

பெசன்ட் நகர் பைக்:
தம்பி, ஓட்டவே ஓட்டாதீங்க. அது வெறும் பெயிண்ட் கீறலாகவும் இருக்கலாம். ஆனால் கார்பன் வளைந்து எச்சரிக்காது, பட்டென்று உடையும். நாணயத்தால் தட்டினால் அடிபட்ட இடம் மொத்தென்று கேட்கும். கணீரென்று கேட்டாலும் அதை நம்பி ஏறாதீங்க. பழைய ஃபோர்க்கும் வேண்டாம். எங்கே விழுந்தது, ஹேண்டிலைக் குழாயோடு பிணைக்கும் ஸ்டெம்மை எவ்வளவு இறுக்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? குழாயை வேறு ஏற்கெனவே வெட்டியிருப்பார்கள், உங்களுக்கு நீளம் போதாமல் போகலாம்.

வேளச்சேரி ஸ்போக்:
விலையைப் பார்க்கும் முன் ஃபோர்க்கைக் கழற்றி வெர்னியர் அளவுகோலால் அளந்துவிடுங்கள். கிரவுன் ரேஸ் (கீழ் பேரிங்கைத் தாங்கும் வளையம்) உட்காரும் இடத்தின் விட்டம் 30 மி.மீ. என்றால் நேர் குழாய், 39.8 என்றால் டேப்பர். நேர் குழாய்க்கான ஃபிரேமில் டேப்பர் நுழையாது.

அடுத்து, ஆக்சில் மையத்திலிருந்து ரேஸ் இருக்கை வரை உள்ள உயரம். ரோடு ஃபோர்க்கில் 370க்குப் பக்கத்தில் வரும், சைக்ளோகிராஸ் ஃபோர்க்கில் 395 போல. 10 மி.மீ. கூடினாலே ஹெட் கோணம் (ஃபோர்க் குழாய் தரையோடு சாய்ந்திருக்கும் கோணம்) ஏறக்குறைய அரை டிகிரி சாயும், ஹேண்டில் மந்தமாகும்.

ரேக் பழையதே இருக்கட்டும். 73 டிகிரி கோணம், 25 மி.மீ. டயர் என்று வைத்தால் ரேக் 43க்கு டிரெயில் (ஹேண்டில் திரும்பும் கோடு தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் தூரம்) 58 மி.மீ. வரும். ரேக்கை 50 ஆக்கினால் டிரெயிலும் 50தான். கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும் முட்டுக்காடு பாலத்தில் அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

திருவான்மியூர் ரைடர்:
அளந்துவிட்டேன் அண்ணா. ரேஸ் இருக்கை 30, உயரம் 371, ரேக் 43 என்று குழாயிலேயே அச்சிட்டிருக்கிறது. கீழ் பேரிங் துருப்பிடித்துக் கரகரவென்று சுற்றுகிறது.

வேளச்சேரி ஸ்போக்:
அப்போ நேர் குழாய், 43 ரேக், ரிம் பிரேக் ஃபோர்க் தேடுங்கள். 368 முதல் 373 வரை இருந்தால் தைரியமாக வாங்கலாம். 28 மி.மீ. டயர் போடும் எண்ணமிருந்தால் ஃபோர்க்கில் அதற்கு இடைவெளி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். துரு உப்புக் காற்றின் வேலை. பேரிங்கையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பெசன்ட் நகர் பைக்:
குழாய் வெட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்க தம்பி, கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நெருக்கமான பல் உள்ள பிளேடு, கொஞ்சம் தண்ணீர். முதலில் நீளமாகவே வெட்டி, ஸ்பேசர் (குழாயில் கோக்கும் வளையம்) வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குறைக்கலாம். உலோகக் குழாய்க்குள் அடித்து இறக்கும் ஸ்டார் நட்டை இதில் அடித்து இறக்காதீங்க, கார்பன் குழாய்க்கு உள்ளே விரிந்து பிடிக்கும் எக்ஸ்பாண்டர்தான். ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் கிரீஸ் கூடாது. போல்ட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்க. பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும்.