டி.எம்.எச்.-11 களைக்கொல்லி தாங்கும் கடுகு இல்லையாம். அடித்தால் சாகுமா, சாகாதா?

கரிசல்காட்டான்:
நண்பர் ஒருவர் நேற்று ஒரு கட்டுரையை அனுப்பினார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய மரபணு மாற்றுக் கடுகு டி.எம்.எச்.-11 பற்றியது. அதைக் களைக்கொல்லி தாங்கும் பயிர் என்று சொல்வது எதிர்ப்பாளர்கள் கிளப்பிய புரளி, அதில் உள்ள ‘பார்’ மரபணு விதை உற்பத்திக்கான கருவி மட்டுமே என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முப்பது வருடமாகக் கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவன் நான். எனக்கு ஒரே ஒரு விளக்கம் போதும். டி.எம்.எச்.-11 நிற்கிற வயலில் குளூஃபோசினேட் என்ற களைக்கொல்லியைக் கலக்கி அடித்தால் அந்தக் கடுகு சாகுமா, சாகாதா?

விதைஞன்:
வணக்கம் அண்ணாச்சி. பயிர்ப் பெருக்கம் படித்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தக் கட்டுரை சரிதான். கடுகுப் பூவில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். கலப்பின விதை வேண்டுமென்றால் ஒரு பக்கத்துச் செடியை மலடாக்க வேண்டும். அதற்காக ‘வருணா’ ரகத்தில் பார்னேஸ் மரபணுவை வைத்தார்கள். அது மகரந்தம் உருவாகாமல் செய்துவிடும். இன்னொரு பக்கத்துச் செடியில் பார்ஸ்டார் இருக்கிறது, அது மலட்டுத் தன்மையை நீக்கிவிடும். மலட்டுச் செடியைப் பெருக்கும்போது பிறக்கும் பயிரில் பாதி மலடு, பாதி சாதாரணச் செடி. பூக்கும் முன் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. பார்னேஸோடு, குளூஃபோசினேட்டைத் தாங்க வைக்கும் ‘பார்’ ஒட்டியே இருப்பதால், விதைப் பண்ணையில் ஒருமுறை குளூஃபோசினேட் அடித்தால் வேண்டாத பாதி செத்துவிடும். பாருக்கு அங்கே இருக்கிற வேலை இதுதான். விவசாயிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

கரிசல்காட்டான்:
தம்பி, பாடம் நன்றாக எடுத்தீர்கள். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. விதைப் பண்ணையை விடுங்கள். பை வாங்கி வந்து விதைக்கிறானே ராஜஸ்தானத்துப் பரத்பூர்க்காரன், அவன் வயலில் நிற்கிற செடியில் ‘பார்’ இருக்கிறதா இல்லையா? அடித்தால் சாகுமா, சாகாதா?

ஆடிப்பட்டம்:
நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. பாமாயில், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் கப்பலில் இறங்குகின்றன. விளைச்சல் வருணாவை விட 28 சதவீதம் கூடுதல் என்று சோதனையில் காட்டியிருக்கிறார்கள். அதைப் பேசாமல் சாகுமா சாகாதா என்று ஒரே பல்லவி எதற்கு?

கரிசல்காட்டான்:
வருணா அரை நூற்றாண்டுக்கு முந்தைய ரகம். கிழவனோடு ஓட்டப் பந்தயம் வைத்து ஜெயித்ததைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். அதே டெல்லிக் குழு மரபணு மாற்றாமலே டி.எம்.எச்.-1 என்று ஒரு கலப்பினம் கொண்டு வந்ததே, அதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். என் கேள்வி அது இல்லை. சாகுமா, சாகாதா?

விதைஞன்:
சாகாது. அதனால் என்ன? 2022 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பரிந்துரை செய்தபோதே தெளிவாக நிபந்தனை போட்டிருக்கிறது. கலப்பின விதை உற்பத்தியில் மட்டும்தான் களைக்கொல்லி. விவசாயி வயலில் எந்தச் சூழலிலும் கூடாது. நம் நாட்டில் குளூஃபோசினேட்டுக்குப் பதிவு இருப்பது தேயிலைக்கும் பருத்திக்கும்தான், கடுகுக்கு இல்லை. சட்டப்படி அடிக்கவே முடியாத மருந்தைத் தாங்குகிறது என்பதற்காக அதைக் களைக்கொல்லி தாங்கும் பயிர் என்று வகைப்படுத்துவது அறிவியல் ஆகாது.

கரிசல்காட்டான்:
சாகாது என்று எழுதிவிட்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து அடித்தும் சாகாத பயிருக்கு மருந்து தாங்கும் பயிர் என்றுதான் பெயர். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பையனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

நிபந்தனையைக் காட்டுகிறீர்களே, அதை யார் மதித்தார்கள்? களைக்கொல்லி தாங்கும் பி.டி. பருத்திக்கு (பி.டி. என்றால் புழுவைத் தாங்க மரபணு மாற்றியது) இந்த நாட்டில் இன்றுவரை அனுமதி இல்லை. அதற்காகக் கொடுத்த விண்ணப்பத்தை நிறுவனமே 2016-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்புறம் என்ன நடந்தது? பேர் இல்லாத பாக்கெட்டில் விதை ஊர் ஊராகப் போனது. 2019 ஜூனில் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் ஷேத்காரி சங்கடனா என்ற சங்கத்து விவசாயிகள் கூட்டம் கூட்டி, பட்டப்பகலில் அதை விதைத்துக் காட்டினார்கள். ஐந்து வருடம் ஜெயில் என்று சட்டம் இருந்தும் நடந்தது. களையெடுக்க ஆள் கிடைக்காதவன் கையில் மருந்து தாங்கும் விதையும் கொடுத்து, பக்கத்துக் கடையில் மருந்தும் வைத்துவிட்டு, அடிக்காதே என்று காகிதத்தில் எழுதினால் அவன் அடிக்காமல் இருப்பானா?

அடுத்து கனடா. அங்கே இன்விகர் என்று ஒரு கனோலா இருக்கிறது. அதுவும் கடுகு வகைதான். இதே பார்னேஸ், இதே பார்ஸ்டார், இதே பார். அதைக் களைக்கொல்லி தாங்கும் பயிர் என்று சொல்லியே விற்கிறார்கள், குளூஃபோசினேட்டை அதற்கென்றே ‘லிபர்ட்டி’ என்ற பெயரில் விற்கிறார்கள். மரபணு கப்பலில் வரும்போது குணத்தை மாற்றிக்கொண்டதா?

தமிழ்வாத்தியார்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். களைக்கொல்லி என்ற சொல்லே பிழை. களையை மட்டும் கொன்றால்தான் அது களைக்கொல்லி. இங்கே பேசப்படும் மருந்து பயிரையும் சேர்த்துக் கொல்வது. செடிக்கொல்லி என்பதே சரி. களை என்பது உழவன் தன் வசதிக்கு வைத்த பெயர், செடியின் இனம் அல்ல. குப்பைமேனி ஒருவனுக்குக் களை, இன்னொருவனுக்கு மருந்து.

ஆடிப்பட்டம்:
சார், கடையில் போய்ச் செடிக்கொல்லி கொடு என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் விழிப்பார்.

தமிழ்வாத்தியார்:
கடைக்காரர் விழிப்பதற்காக நான் பிழையான சொல்லை எழுத வேண்டியதில்லை. போன ஆண்டும் இதே இடத்தில் ‘உயிர்ம வேளாண்மை’ குறித்து நான் சொன்னதை நீங்கள்தான் கேலி செய்தீர்கள். மறக்கவில்லை.

விதைஞன்:
அண்ணாச்சி, கனடாவில் அந்தத் தெளிப்புக்குப் பதிவு இருக்கிறது. இங்கே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான், அதுதான் முக்கியமான வித்தியாசம். ஒரு பயிரை எதற்காக வெளியிடுகிறோம் என்பதை வைத்துத்தான் பெயர் வைப்பார்கள். தாங்கும் திறன் இருப்பது ஒன்று, களைக்கொல்லித் தொழில்நுட்பமாக விற்பது வேறொன்று.

உங்கள் எதிர்ப்பு களைக்கொல்லி மேல்தான் என்றால் இன்னொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். 2021-ல் வெளியிட்ட பூசா பாஸ்மதி 1979, 1985 இரண்டும் இமசெத்தாபைர் களைக்கொல்லியைத் தாங்கும் நெல். அந்தக் குணம் வந்தது நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவான, நாகினா 22 என்ற நெல் ரகத்தின் சடுதி மாற்றச் செடியிலிருந்து. அதைக் கண்டெடுத்த நெல் விஞ்ஞானி ராபின் பெயராலேயே அந்தச் செடியைக் குறிப்பிடுகிறார்கள். அந்த நெல்லில் அயல் மரபணு இல்லை, அதனால் மதிப்பீட்டுக் குழுவுக்கே போகவில்லை. விவசாயி தன் வயலில் அடிப்பதற்கென்றே வந்த ரகம் அது. அப்போது நீங்கள் எங்கே போனீர்கள்?

கரிசல்காட்டான்:
காட்டில் இருந்தேன். அந்த நெல்லை நான் புகழ்ந்து எழுதியதாகக் காட்டுங்கள் பார்ப்போம். அதைக் களைக்கொல்லி தாங்கும் நெல் என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். யாரும் மறைக்கவில்லை. கடுகில் மட்டும் ஏன் பெயரை மறைக்கிறீர்கள்? நானே சொல்கிறேன், 2013-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப வல்லுநர் குழு களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது, தடை செய்யலாம் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. அந்தப் பெயர் ஒட்டினால் கடுகு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் கருவி, குறியீடு என்று புதுப் பெயர்கள்.

விதைஞன்:
அந்தக் குழுவில் இருந்த வேளாண் விஞ்ஞானி பரோடா அந்த அறிக்கையை ஏற்காமல் தனியாக அறிக்கை கொடுத்தார். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

செல்லக்கிளி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இனிமேல் பொறுக்க முடியவில்லை. களைக்கொல்லி வந்தால் களையெடுக்கும் பெண்களின் கூலி போய்விடும் என்பதும் அந்த அறிக்கையின் காரணங்களில் ஒன்று. என் அம்மா இருபத்தைந்து வருடம் களையெடுத்தவர். விடிவதற்குள் தூக்குச்சட்டியோடு போய், வெயிலில் குனிந்து குனிந்து, நாற்பது வயதிலேயே நிமிர முடியாமல் ஆனவர். கைக்களைக்கு ஆண்களுக்குக் கொடுக்கிற கூலி ஒருநாளும் அவருக்குக் கொடுக்கவில்லை. அந்த வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிற யாரும் ஒருநாள்கூடக் களைக்கொத்தியைப் பிடித்திருக்க மாட்டார்கள். அதே சமயம், அந்தக் கூலி இல்லையென்றால் நான் படித்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பேச இங்கே ஒருவருக்கும் மனம் இல்லை. மரபணுவின் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

கரிசல்காட்டான்:
அம்மா செல்லக்கிளி, உங்கள் அம்மாவின் வலி எனக்குப் புரியும். என் காட்டிலும் பெண்கள்தான் களையெடுக்கிறார்கள். இப்போது ஆள் கிடைப்பதே இல்லை, எல்லோரும் நூறு நாள் வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்விடுகிறார்கள். மழை விட்டதும் சாரணை மண்டி, பருத்தி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. ஆனால் மருந்து வந்தால் விடிவு என்று நினைக்காதீர்கள். நாலு வருடத்துக்கு முன்னால் பக்கத்துக் காட்டுக்காரர் மக்காச்சோளத்துக்கு 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்தார். காற்றில் வந்தது போதும், என் பருத்தியில் இலையெல்லாம் விரல் விரலாகச் சுருங்கி வெண்டை இலை மாதிரி ஆகிவிட்டது. அந்த வருடம் பஞ்சு எடுத்ததெல்லாம் ஒரு சாக்குக்குக் கூட வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

செல்லக்கிளி:
நான் மருந்து நல்லது என்று எழுதவே இல்லை. நான் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். உங்கள் காட்டில் ஆண் கூலி எவ்வளவு, பெண் கூலி எவ்வளவு? அதையும் சொல்லுங்கள்.

விதைஞன்:
அண்ணாச்சி, 2,4-டி கதைக்கும் டி.எம்.எச்.-11-க்கும் என்ன தொடர்பு? அது வேறு மருந்து, வேறு பயிர், மரபணு மாற்றமே இல்லாத காடு. உணர்ச்சியைக் கலந்து வாதத்தைத் திருப்புகிறீர்கள். 2010-ல் பி.டி. கத்தரிக்காயை அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்ததைப் பற்றிப் பேசும்போதும் இதையேதான் செய்தீர்கள். பங்களாதேஷ் 2013-லேயே அதை ஏற்றுக்கொண்டது என்று நான் எழுதியதற்கு இன்னும் பதில் பாக்கி.

கரிசல்காட்டான்:
கத்தரிக்காய்க்கும் பதில் வரும். முதலில் கடுகை முடியுங்கள்.

தேன்கூடு:
கடுகுப் பூவை நம்பி ராஜஸ்தானில் ஆயிரக்கணக்கான தேனீப் பெட்டிகள் வைக்கிறார்கள். இந்தக் கடுகுப் பூவில் தேனீக்கு என்ன ஆகும் என்று யாராவது பேசினால் நன்றாக இருக்கும்.

ஆடிப்பட்டம்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

தேன்கூடு:
சொல்லுக்கு ஒரு சண்டை இங்கே ஓடலாம், தேனீ மட்டும் தனி இழைக்குப் போக வேண்டுமா? சரி, பார்த்துக்கொள்கிறேன்.

கரிசல்காட்டான்:
அமெரிக்காவைப் பாருங்கள். 1996-ல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் ரவுண்டப் ரெடி சோயா வந்தது. ஒரே மருந்து, களை போச்சு, கவலை போச்சு என்றார்கள். பத்து வருடத்துக்குள் ஜார்ஜியா மாநிலப் பருத்திக் காட்டில் கிளைபோசேட்டுக்குச் சாகாத பாமர் அமராந்த் முளைத்தது. நம் முள்ளுக்கீரைக்குச் சொந்தக்காரச் செடிதான் அது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும், ஒரு செடியே லட்சக்கணக்கில் விதை கொட்டும். கடைசியில் அங்கேயும் கையால்தான் பிடுங்கினார்கள். அப்புறம் டைகாம்பா என்ற இன்னொரு களைக்கொல்லியைத் தாங்கும் விதை. அந்த மருந்து காற்றில் போய் 2017-ல் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயாவைச் சுருட்டியதாக மிசௌரிப் பல்கலைக்கழகக் கணக்கு சொல்கிறது. என் பருத்தி சுருண்ட மாதிரியேதான். இப்போது தொடர்பு தெரிகிறதா?

விதைஞன்:
பார்த்தீர்களா, மறுபடியும் கிளைபோசேட், டைகாம்பா. விவசாயி வயலில் தெளிப்பே இல்லாத ஒரு பயிருக்கு, தெளித்துத் தெளித்து வந்த பிரச்சினையைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்திலேயே இரண்டு நீதிபதிகளும் ஒத்துப்போகவில்லை. நீதிபதி நாகரத்னா அனுமதி செல்லாது என்றார், நீதிபதி சஞ்சய் கரோல் கள ஆய்வைத் தொடரலாம் என்றார். நாட்டின் உச்ச மன்றமே முடிவு சொல்லாததை நீங்கள் ஒரே வரியில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

கரிசல்காட்டான்:
நீதிபதிகள் அனுமதியைப் பற்றித்தான் ஒத்துப்போகவில்லை. செடி சாகுமா சாகாதா என்பதில் இரண்டு தீர்ப்பு கிடையாது. நீங்களே மேலே எழுதிவிட்டீர்கள், சாகாது என்று.

விதைஞன்:
சாகாது என்று எழுதினேன், களைக்கொல்லி தாங்கும் பயிர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று நான்காவது முறையாக எழுதுகிறேன்.

தமிழ்வாத்தியார்:
செடிக்கொல்லி.

கரிசல்காட்டான்:
நான்கு முறை எழுதினாலும் நாற்பது முறை எழுதினாலும் செடி அப்படியேதான் நிற்கும் தம்பி. காட்டுக்குக் கிளம்புகிறேன், மேகம் கூடுகிறது. ராத்திரி வந்து கத்தரிக்காய்க்குப் பதில் எழுதுகிறேன்.

செல்லக்கிளி:
கூலிக் கணக்கையும் எழுதுங்கள்.

விதைஞன்:
கத்தரிக்காய் அப்புறம். முதலில் அந்த ‘ஒப்புக்கொண்டீர்கள்’ என்கிற பேச்சைத் திரும்பப் பெறுங்கள்.