அப்பாவோட பழைய பேட்ட ரெடி பண்ணி தர சொல்றாரு, கஸ்டமர்கிட்ட என்னன்னு சொல்றது?

நெல்லை_கடை:
அண்ணே வணக்கம், சின்னதா ஸ்போர்ட்ஸ் கடை வச்சிருக்கேன், பேட் ரிப்பேரும் பாப்பேன். நேத்து ஒருத்தர் தவறிப்போன அவங்க அப்பாவோட இங்கிலீஷ் வில்லோ மரத்துல செஞ்ச கிரிக்கெட் பேட்டும் ஒரு பழைய ஹெல்மெட்டும் கொண்டு வந்தாரு, இருபது வருஷத்துக்கு மேல பரண்ல கெடந்ததாம். ஹேண்டில் ஆடுது, பேட்டோட அடி நுனி, அதான் டோல வெடிப்பு. பேட்ட சரி பண்ணி ஹெல்மெட்டுக்கு பெயிண்ட் அடிச்சு உள்ள புது ஸ்பாஞ்ச் ஒட்டி குடுங்க, என் பையன் இத வச்சுத்தான் லெதர் பால் மேட்ச் ஆடணும், எவ்ளோ ஆனாலும் பரவால்லங்கறாரு. எனக்கு மனசு ஒப்பல, ஆனா அப்பா ஞாபகம்னு வந்து நிக்கிறவர்கிட்ட எப்படி சொல்ல?

வில்லோ_பட்டறை:
தம்பி, க்ரிப்ப உருவி நூல அவுத்து பாருங்க, ஆட்டம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியும். ஹேண்டில்ல இருக்க பிரம்பு மட்டும் பிளந்திருந்தா ஹேண்டில் மாத்திரலாம். ஆனா ஹேண்டில் வி மாதிரி பிளேடுக்குள்ள எறங்குற ஸ்பிளைஸ் பக்கத்துல மரமே பிளந்திருந்தா லெதர் பாலுக்கு நம்பி குடுக்காதீங்க, எந்த அடில விடும்னு சொல்ல முடியாது. டோ வெடிப்பு சின்னதுன்னா பசை விட்டு க்ளாம்ப் போட்டா நிக்கும். எண்ணெய்ல ஊற வச்சா காஞ்ச மரம் உயிர் வந்துரும்னு சிலர் செய்றாங்க, அத மட்டும் பண்ணாதீங்க, வெயிட் ஏறி சத்தமே செத்துரும். ரா லின்சீட் ஆயில, அதான் காய்ச்சாத ஆளி விதை எண்ணெய, துணில தொட்டு மெல்லிசா தடவுனா போதும், ஸ்பிளைஸ்ல படவே கூடாது.

கிளப்_கோச்:
ஹெல்மெட்டுக்கு யோசிக்கவே வேணாம், கைல வாங்காதீங்க. அடிய வாங்குறது உள்ள இருக்க ஃபோம், கடை ஸ்பாஞ்ச் அந்த வேலைய செய்யாது, பெயிண்ட் அடிச்சா ஷெல்லுல இருக்க விரிசலும் மறைஞ்சுரும். அதவிட முக்கியம், 2013ல வந்த பிரிட்டிஷ் தரத்துல பந்து விசருக்கும் (நெத்திக்கு மேல நீட்டிட்டு இருக்க விளிம்பு) கிரில்லுக்கும் (மொகத்துக்கு முன்னாடி இருக்க கம்பி) நடுவுல புகுந்து மொகத்துல படுதான்னும் சோதிக்கிறாங்க, அதுக்கு முன்னாடி செஞ்ச ஹெல்மெட் அந்த சோதனைக்கு போயிருக்காது. இத அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க, அவர் பையன் தலைதானே.

நெல்லை_கடை:
பிரிச்சு பாத்தேன்ணே, ஸ்பிளைஸ் ஓரத்துல விரல் நீளத்துக்கு மரம் பிளந்திருக்கு. அவர பக்கத்துல உக்கார வச்சு டார்ச் அடிச்சு காட்டுனேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் நூல் சுத்தி க்ரிப் மட்டும் போட்டுக் குடுங்க, வீட்ல மாட்டிக்கிறேன்னாரு. ஹெல்மெட் புதுசா எடுக்க ஞாயித்துக்கெழம பையன கூட்டிட்டு வர்றாராம். சும்மா மாட்டி வைக்கிற பேட்டுக்கு எவ்ளோ நாளைக்கு ஒருக்கா எண்ணெய் தடவணும்?

வில்லோ_பட்டறை:
வருஷத்துக்கு ஒருக்கா போதும் தம்பி. வெயில் அடிக்காத, ஓதம் ஏறாத செவுரா பாத்து மாட்ட சொல்லுங்க.