சொல்லச் சொல்ல எழுதிய தேர்வுகள்

திருநெல்வேலியிலிருந்து ஓர் உறுப்பினர்:

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு எனக்குத் திருமணம் செய்து வைத்துவிட்டார்கள். கல்லூரிக்குப் போகவில்லையே என்ற குறை அதன்பின் என்னை விட்டுப் போகவே இல்லை. எந்தப் படிவத்திலும் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டம் வந்தால் என் கை சற்றுத் தயங்கும். மகள் வேலை கிடைத்து வெளியூர் சென்ற பிறகு, காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டு வேலை முடிந்துவிட, மீதிப் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த 2019-ஆம் ஆண்டில்தான், எங்கள் தெருவில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியை ஒருவர் வந்து, பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு ஸ்கிரைப்பாக, அதாவது அவர் சொல்லச் சொல்ல விடைகளை எழுதுபவராக, தேர்வு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பட்டம் பெறாத நான் பட்டப்படிப்புத் தேர்வை எப்படி எழுதுவது என்றேன். “பட்டம் இல்லாததால்தான் உங்களிடம் வந்தேன்” என்றார் அவர்.

விவரம் அப்புறம்தான் புரிந்தது. தேர்வர் தாமே ஸ்கிரைப்பை அழைத்து வந்தால், அந்த ஸ்கிரைப்பின் கல்வித் தகுதி தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. எழுதுபவர் தம் அறிவைக் கலந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பட்டதாரிகள் நிறைந்த எங்கள் ஊரில், பகல் நேரத்தில் ஓய்வாக இருக்கும், பிழையில்லாமல் எழுதத் தெரிந்த, பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற ஆள் எளிதில் கிடைப்பதில்லை. அந்தக் கட்டத்தை அன்று நான் தயங்காமல் நிரப்பினேன்.

அந்தத் தம்பி இளங்கலை வரலாறு படித்துக்கொண்டிருந்தார். மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு என்பதால், மூன்று மணி நேரத் தேர்வு எங்களுக்கு நான்கு மணி நேரம். தனி அறை, ஒரு கண்காணிப்பாளர், நாங்கள் இருவர். முதலில் வினாத்தாள் முழுவதையும் வாசித்தேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டே, எழுதப்போகும் கேள்விகளை விரல் மடித்து எண்ணினார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். எந்த இடத்தில் பத்தி பிரிக்க வேண்டும், எந்தத் தொடருக்கு அடிக்கோடு இட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

மூன்றாவது கேள்வி வேலூர்ப் புரட்சியைப் பற்றியது. அது நடந்த ஆண்டு 1857 என்று அவர் சொன்னார். பள்ளியில் நான் விரும்பிப் படித்த பாடம் அது; 1806 ஜூலை 10 என்பது இன்றும் நினைவில் இருக்கிறது. என் பேனா நின்றது. நின்றது என்பது அவருக்கும் கேட்டது. தாளில் பேனா உரசும் ஒலியை வைத்துத்தான் அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவார். “எழுதிட்டீங்களாக்கா?” என்று கேட்டார். நான் 1857 என்று எழுதிவிட்டு, எழுதிவிட்டேன் என்றேன். தெரிந்தே தவறாக எழுதிய அந்த நான்கு எண்கள் வீடு வரும்வரை நெஞ்சில் முள்ளாகக் குத்தின.

இரவு எட்டரை மணிக்கு அவரே தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, வேலூருக்கு நான் ஆண்டைத் தப்பாச் சொல்லிட்டேன், நீங்க அப்படியே எழுதிட்டீங்களா?” என்று கேட்டார். அப்படியே எழுதினேன் என்று தயங்கிச் சொன்னேன். “அப்ப சரிக்கா. வர்ற மார்க் என்னோடது” என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை. என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு பெரிய நம்பிக்கையைக் கொடுத்ததில்லை. தன் அறிவைக் காட்டாமல் அடக்கி வைப்பதும் ஒருவருக்குச் செய்யும் நன்மையாக இருக்க முடியும் என்பதை அந்தத் தம்பி எனக்குக் கற்றுக்கொடுத்தார். கொரோனாவில் தடைப்பட்டது போக, இதுவரை 31 தேர்வுகள் எழுதியிருக்கிறேன். என்ன சொன்னாலும் பேனா நிற்பதில்லை, ஏனென்றால் தயங்கி நிற்பதும் ஒரு குறிப்புதான்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அம்மா, நான் அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில்தான் பிரெய்ல் முறையின் ஆறு புள்ளிகளைத் தடவி எழுத்துக் கற்றேன். கல்லூரியில் ஒருமுறை, வருவதாகச் சொன்ன ஸ்கிரைப் வரவில்லை. தோட்டக்காரரின் மகன், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், மிதிவண்டியில் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது 40 நிமிடங்கள் போய்விட்டிருந்தன. அவன் வராதிருந்தால் அந்த ஆண்டு எனக்கு இல்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வங்கியில் வேலை கிடைத்த பின்பும், சாலையைக் கடப்பது முதல் எல்லாவற்றிலும் உதவி பெறுபவனாகவே மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அது மனத்தை மெல்ல மெல்ல அரித்துவிடும். சர்க்கரை நோயால் ஐம்பது வயதுக்கு மேல் பார்வை இழந்த தையற்காரர் ஒருவரை அவருடைய மனைவி என்னிடம் அழைத்து வந்தபோதுதான் நிலைமை மாறியது. பல ஆண்டுகள் ஊசி பிடித்துக் காய்த்துப்போன அவர் விரல் நுனிக்குப் பிரெய்ல் புள்ளிகள் பிடிபடவில்லை. ஆகவே கணினித் திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொடுத்தேன். 2006-இல் அதை உருவாக்கத் தொடங்கிய ஆஸ்திரேலியர்கள் இருவருமே பார்வையற்றவர்கள் என்று சொன்னதும், அவர் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது தம் கடையின் வரவு செலவுக் கணக்கை அவரே பார்க்கிறார். என் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் அவரைப் போன்றவர்களுக்கு உரியவை. தற்போது மூன்று பேர் வருகிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் என்னை யாரும் கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை, நான்தான் அவர்கள் கையைப் பிடித்து விசைப்பலகையில் வைக்கிறேன்.

சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். கையெழுத்து சுமாராக இருக்கும். என்னைப் போன்றவர்கள் முன்வரலாமா?

திருநெல்வேலியிலிருந்து மீண்டும்:

தாராளமாக வாருங்கள், தங்கையே. கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை, படிக்கும்படி இருந்தால் போதும். விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், தகுதி குறித்து அந்தந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாக அந்த மாணவரைச் சந்தித்து, அவர் சொல்லும் வேகத்துக்கு இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், காய்ச்சல் வந்தாலும் மாற்று ஆளை ஏற்பாடு செய்யாமல் இருந்துவிடாதீர்கள். மதுரை அண்ணன் எழுதிய அந்த 40 நிமிடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வரும் புதன்கிழமை பொருளியல் தேர்வு இருக்கிறது. அந்தப் பெண் நாளை வீட்டுக்கு வருகிறாள், அவள் சொல்லும் கலைச்சொற்களை நான் பிழையின்றி எழுதிப் பழக வேண்டும்.