அமெரிக்காவில் பிரசவம், இப்போது டூரிஸ்ட் விசா இரண்டு முறை நிராகரிப்பு. உதவி தேவை

ஈரோட்டு மஞ்சள் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. 2014ல எனக்கும் வீட்டுக்காரருக்கும் பத்து வருஷ டூரிஸ்ட் விசா (பி1/பி2) கிடைச்சது. 2017ல அம்மா தவறிட்டாங்க. அடுத்த வருஷம் நான் உண்டானப்ப, நியூஜெர்சியில இருக்கற அக்கா "பிரசவத்தை நான் பார்த்துக்கறேன், வந்துரு"ன்னு கூப்பிட்டாங்க. 2018 டிசம்பர்ல போனேன். ஏர்போர்ட்ல கேட்டப்ப கர்ப்பமா இருக்கறதை மறைக்கலை. மார்ச்ல ஆபரேஷன் பண்ணி பையன் பிறந்தான். கொடுத்த ஆறு மாசம் முடியறதுக்குள்ள, மே மாசமே ஊருக்கு வந்துட்டோம்.

பழைய விசா முடிஞ்சுபோச்சுன்னு இந்த வருஷம் நான் மறுபடி விண்ணப்பிச்சேன். கவுண்ட்டர்ல "போன தடவை எதுக்குப் போனீங்க?"ன்னாங்க, "பிரசவத்துக்கு"ன்னேன். "செலவு யார் பண்ணாங்க?"ன்னாங்க, "எங்க மாமா பார்த்துக்கிட்டார்"னேன், அக்கா வீட்டுக்காரரைத்தான் சொன்னேன். அவ்வளவுதான், 214(பி)ன்னு மறுப்புச் சீட்டு. நான் எடுத்துட்டுப் போன ஃபைலைத் திறக்கக்கூட விடலை. போன மாசம் ஒரு ஏஜென்ட் மூலமா மறுபடி போனேன். அதே சீட்டு.

அக்காவுக்கு மூணு மாசத்துல ஒரு பெரிய ஆபரேஷன் இருக்கு. எனக்குப் பிரசவம் பார்த்தவங்க அவங்கதான். அவங்க படுக்கையில இருக்கறப்ப நான் பக்கத்துல இருக்க வேண்டாமா? அங்க பிள்ளை பெத்தது தப்பா போச்சுங்களா? இனிமே விசாவே கிடைக்காதா?

வைகைக்காரர்:

தங்கச்சி, முதல்ல அழுகையை நிறுத்துங்க. விசா படிவங்களைப் பல வருஷமா பார்க்கறவன்ங்கற முறையில சொல்றேன்.

214(பி)ங்கறது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துல ஒரு பிரிவு, தடை உத்தரவு இல்லை. டூரிஸ்ட் விசா கேட்கறவங்க எல்லாருமே அங்கேயே தங்கிடுவாங்கன்னுதான் அந்தச் சட்டம் எடுத்துக்குது. இல்லைன்னு நம்ப வைக்க வேண்டியது நாம. அன்னைக்கு நம்ப வைக்க முடியலை, அதுதான் அந்தச் சீட்டோட அர்த்தம். மேல்முறையீடு கிடையாது. ஆனா திரும்ப விண்ணப்பிக்கலாம், ஒவ்வொரு தடவையும் 185 டாலர் கட்டணும்.

பிரசவ விஷயத்துல எல்லாரும் பேசற விதி 2020 ஜனவரி 24ல அமலுக்கு வந்தது. பிள்ளைக்குக் குடியுரிமை வாங்கறதுதான் பயணத்தோட முதன்மை நோக்கம்னா பி விசா கிடையாதுன்னு அது சொல்லுது. அங்க தங்கற சமயத்துல பிரசவம் ஆகும்னு அதிகாரி நம்ப இடம் இருந்தா, குடியுரிமைக்காகத்தான்னு எடுத்துக்குவார். இல்லைன்னு நாமதான் காட்டணும். உங்க பையன் பிறந்தது 2019ல. நீங்க உண்மையைச் சொல்லித்தான் உள்ள போனீங்க, நாளுக்குள்ள திரும்பிட்டீங்க. அதனால பிள்ளை பெத்ததே குத்தம்னு நினைக்காதீங்க.

"மாமா பார்த்துக்கிட்டார்"ங்கற பதில்தான் எனக்கு உறுத்துது. ஆஸ்பத்திரி பில்லை மெடிகெய்டு, அதாவது வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசாங்க மருத்துவ உதவி, கட்டுச்சா, நீங்க கட்டினீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கறாங்க. அதுக்கு உங்க பதில்ல விடை இல்லை. இன்னொண்ணு, ரெண்டாவது தடவை ஏஜென்ட் போட்ட விசா விண்ணப்பப் படிவம், டிஎஸ்-160, அதோட நகல் கையில இருக்கா? இருந்தா வரி வரியா படிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் பணம் கட்டாதீங்க.

காவேரிக்கரை:

அக்கா, மெடிகெய்டு விஷயத்துல அடிபட்டவ நான். என் பிரசவத்தப்ப ஆஸ்பத்திரியில ஒரு அம்மா வந்து "இதுல கையெழுத்துப் போடுங்க, பில் குறையும்"னாங்க. வலியில எதுன்னு பார்க்காம போட்டுட்டேன். பில் பூரா அரசாங்கக் கணக்குல போயிருச்சு. நாலு வருஷம் கழிச்சு விசா கேட்கப் போனப்பதான் விஷயமே தெரிஞ்சது. அதுக்கப்புறம் அந்த மாநில அலுவலகத்துக்கு எழுதி, எவ்வளவுன்னு கேட்டு, தவணையில கட்டி, கட்டியாச்சுன்னு கடிதம் வாங்கினேன். மூணாவது தடவைதான் விசா கிடைச்சது. அந்தக் கடிதத்தை அதிகாரி வாங்கிப் படிச்சார்.

அதனால "எங்க காசுதான்"னு ஞாபகத்துல இருந்து சொல்லாதீங்க. ஆஸ்பத்திரி பில் பிரிவுல ஐட்டமைஸ்டு பில், அதாவது ஒவ்வொரு செலவையும் பிரிச்சுக் காட்டற பில் கேளுங்க. யார் யார் எவ்வளவு கட்டினாங்க, பாக்கி இருக்கான்னு அதுல தெளிவா இருக்கும். டாக்டர், மயக்க மருந்து கொடுத்தவர், குழந்தை மருத்துவர் பில்லெல்லாம் தனித்தனியா வந்திருக்கும், அதையும் விட்டுடாதீங்க.

ஈரோட்டு மஞ்சள்:

அண்ணா, நகலைப் படிச்சேன். கையெல்லாம் நடுங்குதுங்க. அமெரிக்காவுல நெருங்கிய உறவு இருக்காங்கற கேள்விக்கு "இல்லை"ன்னு போட்டிருக்கார். விசா முன்னாடி மறுக்கப்பட்டதான்னு கேட்ட இடத்துலயும் "இல்லை". படிவம் நிரப்ப யாராவது உதவினாங்களாங்கறதுக்கும் "இல்லை". பிரசவத்தைப் பத்தி வாயே திறக்காதீங்க, சுத்திப் பார்க்கப் போறேன்னு சொல்லுங்கன்னும் அவர்தான் சொன்னார். கவுண்ட்டர்ல அவங்க "போன தடவை எங்க தங்கினீங்க?"ன்னு கேட்டாங்க, நான் "அக்கா வீட்ல"ன்னேன். "உறவு யாரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?"ன்னாங்க. எனக்குப் பேச்சே வரலைங்க.

பில் பத்தி: பேசிக் குறைச்சு மொத்தம் 14,000 டாலர் ஆச்சு. பாதி எங்க வீட்டுக்காரர் மஞ்சள் மண்டிக் கணக்குல இருந்து அனுப்பினார், மீதி மாமா கார்டுல கட்டினது. மெடிகெய்டு இல்லைன்னு மாமா உறுதியா சொல்றார்.

வைகைக்காரர்:

இதுதான் நோவு, தங்கச்சி. பிரசவம் இல்லை.

அந்தப் படிவத்துல நெருங்கிய உறவுன்னா கூடப்பிறந்தவங்களும் சேர்த்திதான். அக்காவை "இல்லை"ன்னா அது பொய்த் தகவல். முதல் மறுப்பு அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கறப்ப அதையும் "இல்லை"ன்னு எழுதினது அதைவிட மோசம். தெரிஞ்சே தவறான தகவல் கொடுத்தார்னு அவங்க முடிவு பண்ணியிருந்தா 212(ஏ)(6)(சி)ன்னு சீட்டு வந்திருக்கும். அந்தத் தடை ஆயுள் முழுக்கத் தொடரும். அப்புறம் ஒவ்வொரு விசாவுக்கும் தனியா விலக்கு கேட்டுத்தான் போகணும். உங்களுக்கு ரெண்டு தடவையும் 214(பி)தான் வந்திருக்கு. கதவு இன்னும் திறந்திருக்கு, அதை நீங்களே சாத்திடாதீங்க.

புதுப் படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்புங்க. அக்கா பேர், அவங்க அங்க என்ன அந்தஸ்துல இருக்காங்க, ரெண்டு மறுப்பும் எந்த மாசம், எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி எழுதுங்க. நேர்காணல்ல அவங்க கேட்கற வரைக்கும் காத்திருக்காம, "போன படிவத்துல மூணு பதில் தப்பா இருந்தது, வேற ஒருத்தர் நிரப்பினதை நான் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன், இதுல சரி பண்ணியிருக்கேன்"னு சொல்லிடுங்க. ஏஜென்ட்டைத் திட்டிக்கிட்டு நிற்க வேண்டாம். படிவம் அவர் போட்டதா இருந்தாலும் பொறுப்பு உங்க பேர்லதான். அந்த ஆளுகிட்ட மறுபடி போகாதீங்க, இதைக் கோபமாவே சொல்றேன்.

பயண நோக்கத்துல அக்கா ஆபரேஷனையே எழுதுங்க. தேதி போட்ட டாக்டர் கடிதம், ஆஸ்பத்திரி பில், மண்டிக் கணக்குல இருந்து பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட், மாமாவோட கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாம் கையில இருக்கட்டும். செலவைக் கேட்டா "14,000 டாலர், பாதி நாங்க, பாதி அக்கா வீட்டுக்காரர், மெடிகெய்டு இல்லை"ன்னு ஒரே மூச்சுல சொல்லணும். ஈரோட்டுல உங்க கடை, வீட்டுக்காரர், பையன் பள்ளிக்கூடம், எத்தனை வாரத்துல திரும்புவீங்கங்கறதும் அப்படித்தான்.

இவ்வளவுக்கும் அப்புறமும் கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். அக்கா அங்க இருக்காங்க, பையன் அந்த நாட்டுக் குடிமகன். நீங்க அங்கேயே தங்கிடுவீங்களோன்னு சந்தேகப்பட அவங்களுக்கு அதுவே போதும்.

தாமிரபரணி:

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். பையன் பாஸ்போர்ட் பத்தி யாரும் சொல்லலையே? 16 வயசுக்கு முன்னாடி எடுத்த அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுசு. 2019ல எடுத்தது முடிஞ்சிருக்கும். அவனைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா அவன் அமெரிக்க பாஸ்போர்ட்லதான் நுழையணும், விசா வாங்க முடியாது. புதுசு எடுக்க அப்பா அம்மா ரெண்டு பேரும் குழந்தையோட நேர்ல போகணும். ஒருத்தர் வர முடியலைன்னா நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் வேணும். இதை இப்பவே ஆரம்பிச்சுடுங்க.

"பையன் மூலமா எங்களுக்கு கிரீன் கார்டு வருமா?"ன்னு கவுண்ட்டர்ல வாய் தவறிக்கூடக் கேட்டுடாதீங்க. அவனுக்கு 21 வயசு ஆகற வரைக்கும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஈரோட்டு மஞ்சள்:

கிரீன் கார்டு நினைப்பு எங்களுக்கு என்னைக்குமே இல்லைங்க. பையன் பாஸ்போர்ட் போன வருஷமே முடிஞ்சிருக்கு, இப்பதான் எடுத்துப் பார்த்தேன். பில்லுக்கு மாமா திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறார். ஏஜென்ட்கிட்ட இருந்து என் விசா விண்ணப்பக் கணக்கோட பாஸ்வேர்டை வாங்கி மாத்திட்டேன். அண்ணா, கடைசியா ஒண்ணு: நேர்காணலுக்குப் பையனைக் கூட்டிட்டுப் போகணுமா?

வைகைக்காரர்:

வேண்டாம்மா, அவன் பள்ளிக்கூடம் போகட்டும். அவன் பழைய பாஸ்போர்ட்டை மட்டும் ஃபைல்ல வைங்க. பில் வந்ததும் இங்க எழுதுங்க, "கட்டியது யார்"ங்கற இடத்துல என்ன இருக்குன்னு சேர்ந்தே பார்ப்போம்.