கனடாவின்ர வடக்கில எடுத்த பழைய படங்கள், பதிவுகள்: உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

நான் நேர்ஸ். ஹட்சன் விரிகுடாக் கரையில அர்வியாட் எண்ட இனுயிட் (வடதுருவப் பக்கத்துப் பழங்குடிச் சனம்) ஊரில ரெண்டு வருசம் வேலை செய்தனான். போக முதலே, ரிச்சர்ட் ஹாரிங்டன் எண்ட படப்பிடிப்பாளர் 1950ல அந்தப் பக்கம் பட்லே எண்ட இடத்தில எடுத்த படங்களை ஒட்டாவாவில பாத்தனான். கறுப்பு வெள்ளை, நல்ல வடிவான படங்கள் எண்டு நினைச்சதோட சரி, கீழ என்ன எழுதியிருக்கு எண்டு கூட வாசிக்கேல்ல.

ஒரு வயசான அம்மாவுக்கு காலில புண், கிழமையில ரெண்டு தரம் வீட்ட போய் மருந்து கட்டவேணும். ஒருநாள் போகேக்க அவவின்ர பேத்தி, காலேஜ் பிள்ளை, டப்லட்டில அந்தப் படங்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தா. தேசிய ஆவணக் காப்பகம் 2000களின்ர தொடக்கத்தில ஒரு வேலை தொடங்கினது, படத்தில நிக்கிறவைக்குப் பேர் கண்டுபிடிக்கிற வேலை. ஒட்டாவாவில நூனவுட் சிவுனிக்சவுட் எண்டு இனுயிட் பிள்ளையள் படிக்கிற இடம் ஒண்டு இருக்கு, அந்தப் பிள்ளையளே ஹாரிங்டன்ர படங்களை லப்டொப்பில கொண்டுபோய் ஊர் ஊரா பெரியாக்களிட்டக் காட்டி பேர் கேட்டவை. ஏனெண்டா பழைய படங்கள் கனக்கத்துக்கு "எஸ்கிமோ பெண்", "எஸ்கிமோ சிறுவன்" எண்டு மட்டும்தான் இருந்தது. எடுத்தவரின்ர பேர் இருக்கும், திகதி இருக்கும், நிக்கிற மனுசரின்ர பேர் இருக்காது.

ஒரு படத்தில ஒரு பொம்பிளை, முகம் பாதி நிழலுக்குள்ள, அமௌத்தி போட்டிருக்கிறா (பின்னால தொப்பிக்குக் கீழ இருக்கிற பைக்குள்ள குழந்தையை வைக்கிற தோல் உடுப்பு). அம்மா முகத்தைப் பாக்கவேயில்ல. கை மணிக்கட்டுக்குப் பக்கத்தில வெள்ளை மயிர்த் துண்டு வைச்சு ஒரு வரி தைச்சிருக்கு, அதைப் பெரிசாக்கச் சொல்லி விரலை வைச்சா. கரிபூவின்ர (வடக்கில இருக்கிற மான் வகை) வயித்துப் பக்க மயிர்தான் வெள்ளை, அதை இவ்வளவு ஒடுக்கமா வெட்டித் தைக்கிறது தன்ர சின்னம்மா ஒராள்தான் எண்டு பேத்தி எனக்கு இங்கிலிஷில சொல்லச் சொன்னா. பேந்து பேரைச் சொன்னா. நான் அந்தத் துண்டை உடுப்பில இருக்கிற ஒரு அலங்காரம் எண்டுதான் பாத்தனான், அவவுக்கு அது கையெழுத்து.

அடுத்த படம் வந்தோண்ண டப்லட்டை வாங்கி, போர்வையில கவிழ்த்து வைச்சிட்டா. கன நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. ஹாரிங்டன் படம் எடுத்த அந்தக் குளிர்காலம் கரிபூ வழமையா வாற பாதையால வரேல்ல, நரித்தோல் விலையும் அதுக்கு முதலே விழுந்திட்டுது, சாப்பாடும் இல்ல, விளக்குக் கொழுத்தக் கொழுப்பும் இல்ல. ஹாரிங்டன் நாய்வண்டியில போகேக்க கண்டது அதைத்தான், பட்டினி கிடக்கிற சனத்தை. அந்தப் படங்கள் பிறகு உலகமெல்லாம் போச்சு. நான் "வடிவு" எண்டு பாத்ததுக்குள்ளயும் அதுதான் இருந்தது, அதை நினைக்க இப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அந்த நேரம் ஒரு அஞ்சு வயசுப் பிள்ளை சப்பாத்தோட உள்ள ஓடி வந்துது. அம்மா அவளை இனுக்டிடூட்டில (அவையின்ர பாஷை) "சின்னம்மா" எண்டுதான் கூப்பிட்டவ. அவையளில, செத்தவரின்ர பேரை பிறக்கிற பிள்ளைக்கு வைச்சா அந்தப் பிள்ளையோட அதே உறவுமுறையிலதான் கதைப்பினம். டப்லட்டை நிமித்தி முதல் படத்தை எடுத்து அவளுக்குக் காட்டி, "இது நீ" எண்டு சொன்னா. பிள்ளை கிட்டப் போய் வடிவாப் பாத்திட்டு, "என்ர உடுப்பு எங்க?" எண்டு கேட்டுது.

பேத்தி பேரை முதல் இனுக்டிடூட் எழுத்தில எழுதி, பிறகுதான் இங்கிலிஷ் எழுத்தில எழுதினா. பழைய கடதாசிகளில ஒரே ஆளின்ர பேரை பாதிரியார் ஒரு மாதிரியும் பொலிஸ் ஒரு மாதிரியும் எழுதியிருப்பினம் எண்டவ. பேரைச் சரியா எழுதத் தெரியாததாலதான் 1941ல இருந்து அரசாங்கம் ஆளாளுக்கு இலக்கம் அடிச்ச வட்டத் தகடு குடுத்தது, கிழக்குப் பக்கத்து ஆக்களுக்கு E, மேற்குக்கு W, கழுத்தில தொங்கவிடுவினம். 1968க்குப் பிறகுதான் ஏப் ஓக்பிக் எண்ட இனுயிட் மனுசர் ஊர் ஊராப் போய் சனத்தின்ர குடும்பப் பேரைக் கேட்டுப் பதிஞ்சவர். நான் இஞ்ச வந்த நேரம் அப்பான்ர பேரை என்ர குடும்பப் பேராப் போட்டிட்டினம், கிளினிக்கில இப்பவும் அப்பாவைக் கூப்பிட்டா நான்தான் எழும்பிப் போறது. எனக்கு அதுவே சரியில்லாமல் இருக்கும், ஆனா எனக்கு ஒருத்தரும் இலக்கம் கட்டிவிடேல்ல.

*

அக்கா, நீங்கள் எழுதினதை மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினனான். நான் ஹமில்டனில இருக்கிறன். இஞ்ச மலைக்கு மேல இருந்த சானட்டோரியத்துக்குத்தான் 50களில, 60களில காசநோய் வந்த இனுயிட் ஆக்களைக் கொண்டுவந்தவை. சி. டி. ஹவ் எண்ட கப்பல் 1950ல இருந்து கோடைக்குக் கோடை வடக்குக்குப் போகும், கப்பலிலயே எக்ஸ்ரே, நோய் எண்டு தெரிஞ்சா கனபேரைத் திரும்பிக் கரைக்கு விடமாட்டினம், பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு வாறதுக்கும் நேரமில்ல. 1956 அளவில ஏழு இனுயிட்டுக்கு ஒராள் தெற்கு ஆஸ்பத்திரிகளில இருந்ததாம். வார்டில கட்டிலில இருந்து கல் செதுக்கிற படம் ஒண்டு பாத்தனான், மடியெல்லாம் கல்தூள், மூஞ்சையில சிரிப்பில்ல. திரும்பிப் போகாமல் செத்தவையின்ர நினைவுக்கல் வுட்லண்ட் மயானத்தில இருக்கு. நான் அந்தப் பக்கத்தால பத்து வருசம் வேலைக்குப் போய் வந்தும் ஒருநாளும் உள்ள போகேல்ல, போன வருசம்தான் போனனான். தங்கட ஆக்களை எங்க புதைச்சது எண்டு தெரியாத குடும்பங்களுக்காக 2019ல நனிலவுட் எண்டு ஒரு வேலை தொடங்கினவை, "தேடிக் கண்டுபிடிப்பம்" எண்டுதான் கருத்து. பேர் பிழையா எழுதின ஒரு ஆஸ்பத்திரிக் கடதாசிதான் சில குடும்பத்துக்கு இருக்கிற ஒரே தடயம்.

*

அண்ணா, அக்கா, நான் ஒரு சின்ன விசயம் சேக்கிறன். எல்லாப் படமும் வெளியாள் எடுத்ததில்ல. வடக்கில கின்கைட் எண்ட ஊர்ப் பக்கத்தில பீட்டர் பிட்சியோலாக் எண்ட இனுயிட் மனுசர் 40களில இருந்து தன்ர சனத்தைத் தானே படம் எடுத்தவர். கழுவினதும் அவரும் மனிசி அகியோக்கும்தான், பனிவீட்டுக்குள்ளயும் கழுவியிருக்கினம், டோர்ச்லைட்டில சிவப்புத் துணியைச் சுத்திப்போட்டு அந்த வெளிச்சத்தில. ஒட்டாவாவில இருக்கிற ஆக்கள் ஆத்தைக் கடந்து கட்டினோவில இருக்கிற கனடா வரலாற்று மியூசியத்துக்குப் போனா கேட்டுப் பாருங்கோ, அவரின்ர நெகட்டிவ் கனக்க அங்க இருக்கு. நான் பாத்த படங்களில ஆக்கள் நிமிந்து, கமராவுக்குப் பின்னால நிக்கிறவரைத் தெரிஞ்ச மாதிரிப் பாக்கினம்.

*

தம்பி, நீங்கள் போன வருசம் அந்த மயானத்துக்குப் போனது எனக்குப் பெரிய ஆறுதல். தங்கச்சி, டோர்ச்லைட் கதையை அந்தப் பேத்திக்கு அனுப்பிப்போட்டன். வடக்கில வேலைக்குப் போற ஆக்களுக்கு ஒண்டே ஒண்டு: பெரியாக்களுக்கு இந்தப் படங்களைக் காட்ட முதல், எந்த வருசம் எந்த இடம் எண்டு சொல்லி, பாக்க விருப்பமோ எண்டு கேளுங்கோ. பட்லே 1950 எண்டா கட்டாயம் கேளுங்கோ.