தேடுபொறியில் அகப்படாததை எங்கே கண்டெடுத்தீர்கள்?

டொரொண்டோவிலிருந்து:

அம்மப்பாவின் தமையன் ஆசிரியராக மலாயாவுக்குப் போனவர். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. கூகுளில் அவர் பெயரைத் முதலெழுத்தோடும் ஊர்ப்பெயரோடும் மாற்றி மாற்றிப் போட்டேன். வேறு யார் யாரோ வந்தார்கள்.

பிறகு நூலகம் தளத்துக்குள் நேரடியாக நுழைந்தேன். ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகளைத் தன்னார்வலர்கள் 2005 முதல் ஸ்கேன் செய்து சேர்த்துவரும் தளம் அது. நினைவு மலர்களும் ஏராளம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தபின் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டி உறவினர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் இது. தேவாரம், திருவாசகம், வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் இருக்கும். பலவற்றில் வம்சாவளியும் இருக்கும். இறந்தவரின் பெயர் பட்டியலில் வரும். உள்ளே இருக்கும் உறவினர் பெயர்களோ படமாக உறைந்து கிடக்கின்றன. தேடுபொறி அவற்றைப் படிப்பதில்லை.

ஆகவே அவரைத் தேடுவதை விட்டுவிட்டு, அவரோடு உறவு கொண்டாடக்கூடியவர்களின் மலர்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவருடைய மைத்துனியின் மலரில், கிளைகிளையாகப் பிரியும் கோடுகளுக்கு நடுவே அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் 'ஆசிரியர், ஈப்போ'. அதன் கீழே, நாங்கள் கேள்விப்பட்டே இராத இரண்டு பிள்ளைகள்! அம்மா அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறார்.

கோவையிலிருந்து:

எனக்கு வேண்டியிருந்தது உடுக்கையடிப் பாடல் பற்றிய ஒரு பழைய கட்டுரை. இலவசமாக இணையப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸில் யாரோ ஏற்றியிருந்தார்கள். 2009இல் அந்தச் சேவையே மூடப்பட்டுவிட்டது. நல்லவேளையாக, நண்பர் அனுப்பிய பழைய மின்னஞ்சலில் முகவரி இருந்தது. பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைத் தேதிவாரியாகச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதை ஒட்டியதும் பக்கம் வந்தது, ஆனால் முழுக்கப் புரியாத குறியீடுகளாக. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய திஸ்கி என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள். எழுத்துரு மாற்றியில் போட்டதும் பாடல் வரிகள் தெளிவாக வந்தன. எத்தனையோ அருமையான பக்கங்கள் இப்படித்தான் கண்ணில் படாமல் கிடக்கின்றன என்பது வருத்தமாக இருக்கிறது. பழைய மின்னஞ்சல்களையும் சிற்றிதழ்களில் அச்சான இணைய முகவரிகளையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஒரு தேதியின் பிரதி வெற்றாக வந்தால் வேறு தேதியைச் சொடுக்கிப் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

டொரொண்டோ நண்பருக்கு: ஈப்போ என்று தெரிந்துவிட்டதால் இனி வழி இருக்கிறது. எங்கள் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பழைய இதழ்களைத் தேடலாம். அந்தக் காலத்தில் மலாயாச் செய்திகளும் அதில் வரும். பெயரை இன்று எழுதும்படி எழுதாமல், அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போடுங்கள். மங்கிய அச்சைக் கணினி பிழையாகப் படித்திருக்கவும் கூடும். பெயர் அகப்படாவிட்டால் பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டு, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழாச் செய்திகளைப் பாருங்கள். ஆசிரியர்கள் பெயர் அங்கேதான் அதிகம் வரும்.